நூற்றுப் பதினைந்து லொறிகள்

2008ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள், சுவீடன் தேசத்தின் மேற்குக் கரைத் துறைமுக நகராகிய கொதன்பேர்க்கிலே தலைமையகம் கொண்ட வொல்வோ நிறுவனம், அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டுக்குரிய கணக்கறிக்கையை வெளியிட்டது. ஆண்டுக்கு நான்கு முறை வெளிவரும் அறிக்கை அது. பங்குதாரரும் வங்கியாளருமன்றிப் பிறர் அதனைப் புரட்டிப் பார்ப்பது அரிது. ஆயினும் அன்று அவ்வறிக்கையிற் கண்ட ஓர் எண் உலகெங்கும் செய்தியாயிற்று. முந்திய ஆண்டின் அதே மூன்று திங்களில் ஐரோப்பிய நாடுகளிலிருந்து 41,970 லொறிகளுக்கு நிகரக் கட்டளை பெற்றிருந்த அந்நிறுவனம், 2008இல் யூலை முதல் செப்டெம்பர் முடியப் பெற்ற நிகரக் கட்டளை வெறும் 115. அச்சுப் பிழையோ என்று ஐயுற்றோர் மீண்டும் பார்த்தனர், பிழையன்று. நாற்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட தொகை நின்ற இடத்தில் நூற்றுப் பதினைந்தே நின்றது.

வியப்பு யாதெனில், அதே அறிக்கை, அக்காலாண்டில் நிறுவனம் இலாபம் ஈட்டியதையும் காட்டிற்று. தொழிற்சாலைகள் இயங்கின, முன்னர்ப் பதிவான லொறிகள் ஒவ்வொன்றாய் முடிந்து வெளியேறிய வண்ணமிருந்தன. இலாபம் என்பது முன்னே விற்றவற்றின் கணக்கு. கட்டளை, பேச்சு வழக்கில் ஓடர் என்று வழங்குவது, இனிமேல் விற்கப்படவிருப்பவற்றின் கணக்கு. வண்டியோட்டுபவன் பின்புறக் கண்ணாடியிற் காண்பதற்கும் முன்புறக் கண்ணாடியிற் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டுக்கும் உண்டு. அன்று பின்னே தெரிந்த சாலை செம்மையாய் இருந்தது. முன்னே சாலையே இல்லை.

லொறி விற்பனை குறைந்தால் லொறி செய்பவனுக்கு நட்டம். அதனை ஒரு தேசத்தின், ஒரு கண்டத்தின் வாழ்வுக்கே தீக்குறியாகக் கொள்வானேன் என்று நேயர்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடை, லொறி வாங்குபவன் யார் என்பதிலே அடங்கியிருக்கிறது. மோட்டார்க் காரை மனிதர் வசதிக்காகவும் வாங்குவர், பெருமைக்காகவும் வாங்குவர், அயலவன் வாங்கினான் என்பதற்காகவும் வாங்குவர். பெரிய லொறியை அவ்வாறு வாங்குவார் எவருமிலர். வீட்டின் விலையை நெருங்கும் பணத்தைக் கடனாய்ப் பெற்று, அக்கடனை ஏற்றுக்கூலியிலிருந்தே அடைக்க வேண்டிய நிலையில் உள்ளவனே அதனை வாங்குகிறான். ஏற்றுவதற்குச் சுமை உண்டா, அடுத்த ஆண்டும் அச்சுமை இருக்குமா என்பதே அவன் கேட்கும் ஒரே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தரைவழிச் செல்லும் சரக்கில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சாலையிலேயே செல்கிறது. சீமெந்து, மரம், பால், இரும்புக் கம்பி, துணி, மருந்து யாவும் கடைக்கு வருமுன் லொறியில் ஏறி இறங்கியவையே. ஆதலின் எந்தப் பண்டசாலையில் சரக்குத் தேங்குகிறது, எந்தக் கட்டட வேலை நின்றுவிட்டது என்பதைப் பொருளியல் வல்லுநரினும் முன்னதாக அறிபவன், அவ்விடத்துக்கு ஏற்றப் போய் வெறுமனே திரும்பும் லொறிக்காரன்.

அறிவது மட்டுமன்று, அவன் அறிந்தது கட்டளைப் புத்தகத்திற் பல மடங்கு பெருகித் தோன்றுகிறது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவரிடம் 100 லொறிகள் உள. ஒவ்வொன்றும் பத்தாண்டு உழைக்குமென்று கொள்வோம். ஆண்டுதோறும் தேய்ந்து கழியும் பத்துக்கு ஈடாகப் பத்துப் புதியவை வாங்குவார். சுமை நூற்றுக்கு ஐந்து கூடினால் மேலும் ஐந்து வேண்டும். ஆக 15 வாங்குவார். மறு ஆண்டு சுமை கூடவுமில்லை, குறையவுமில்லை. வணிகம் நன்றாகவே நடக்கிறது. ஆயினும் அவர் வாங்குவது பத்தாகிவிடும்; லொறி செய்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை போயிற்று. அதற்கடுத்த ஆண்டு சுமை நூற்றுக்குப் பத்துக் குறைகிறது. தேய்ந்த பத்தை நீக்கிவிட்டால் எஞ்சிய 95 போதும். புதியது ஒன்றும் வேண்டியதில்லை. சுமையிற் குறைந்தது பத்திலொரு பங்கு. கட்டளையோ முழுவதும் மறைந்தது.

இவ்வுண்மை லொறியோடு தோன்றியதன்று. பிரான்சிலே அல்பேர்ட் அப்தாலியோன், அமெரிக்காவிலே ஜோன் மோறிஸ் கிளார்க் ஆகிய பொருளியலறிஞர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்தனர். கிளார்க் 1917இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட சான்று இரயில்வண்டிச் சரக்குப் பெட்டி. அந்நாளில் அமெரிக்கப் பெருநிலத்தின் சுமையைச் சுமந்தவை அப்பெட்டிகளே. போக்குவரத்தின் வளர்ச்சி தளர்ந்த அளவிலேயே, அது குறையத் தொடங்குமுன்னரே, பெட்டிக் கட்டளைகள் சரிவதை அவர் எடுத்துக் காட்டினார். பின்னாளில் இரயிற்பெட்டியின் இடத்தை லொறி பற்றிக்கொண்டபோது, குறிகூறும் தொழிலும் லொறிக்கே வந்து சேர்ந்தது.

கொதன்பேர்க் நிறுவனத்துக்கு லொறி புதிய சரக்கன்று. அசார் கபிரியெல்சன், குஸ்தாவ் லார்சன் என்னும் இருவர் தோற்றுவித்த அந்நிறுவனம் 1927இல் முதற் காரையும் 1928இல் முதல் லொறியையும் வெளியிட்டது. கார் விலைபோகாமல் தவித்த அத்தொடக்க நாட்களில் நிறுவனத்தைத் தாங்கியது லொறியே. 'வொல்வோ' என்பது இலத்தீன் மொழியில் 'உருள்கின்றேன்' எனப் பொருள்படும். 1999இல் கார்ப் பகுதியை அமெரிக்க போர்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 2001இல் பிரான்சின் ரெனோ லொறிகளையும் அமெரிக்காவின் மக் லொறிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதன் பின், அது உலகின் மிகப் பெரிய லொறி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அதாவது, இன்பத்துக்காக வாங்கப்படும் வண்டியைக் கைவிட்டு, சுமைக்காக வாங்கப்படும் வண்டியையே முழுதும் நம்பி நின்றது. காலம் நல்லதாயின் அதனினும் நல்ல வணிகம் இல்லை.

காலம் சில ஆண்டுகள் நல்லதாகவே இருந்தது. 2004 மே முதலாம் நாள் போலந்து, செக், அங்கேரி, பால்டிக் நாடுகள் முதலிய பத்து நாடுகளும், 2007 சனவரி முதலாம் நாள் உருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தன. எல்லைச் சாவடிகளில் நாட்கணக்காய்க் காத்துக்கிடந்த லொறிகள் தடையின்றி ஓடத் தொடங்கின. மேற்கு ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. ஓரிடத்திற் செய்த உறுப்பு மற்றோரிடத்திற் பொருத்தப்பட்டு மூன்றாமிடத்தில் விற்கப்பட்டது. இவ்வாறு ஒரே பண்டம் இரண்டு மூன்று முறை சாலையேறிற்று. கிழக்கே சிறு முதலாளிகள் பலர் வங்கிக் கடனைக்கொண்டு இரண்டு லொறியைப் பத்தாகவும், பத்தை ஐம்பதாகவும் ஆக்க முனைந்தனர். கடனும் எளிதாகவே கிடைத்தது. மேற்கு நாட்டு வங்கிகள் கிழக்கிற் கிளை பரப்பிப் போட்டியிட்டுக் கொடுத்த காலம் அது.

தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. இன்று கட்டளையிட்டவன் லொறியைக் காணப் பல திங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பற்றாக்குறைக் காலத்து மனித இயல்பை நேயர்கள் நன்கறிவர். பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்பவர் வேண்டியதினும் சற்றுக் கூடவே கேட்பதில்லையா? லொறி முதலாளிகளும் அவ்வாறே செய்தனர். ஐந்து வேண்டியவர் எட்டுக்குப் பதிந்தார். வரிசையில் இடம்பிடிக்க இரு நிறுவனங்களிற் பதிந்தாரும் உளர். ஆகவே 2007இல் எழுதப்பட்ட அந்த 41,970 என்னும் எண் முழுவதும் மெய்யான தேவையன்று. அதிலே நம்பிக்கையும் கலந்திருந்தது, பேராசையும் கலந்திருந்தது. இதனை மறந்துவிட்டு 115ஐ மட்டும் பார்ப்போர் பாதிக் கதையையே பார்க்கின்றனர்.

இவ்விடத்தில் 'நிகர' என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் தகும். ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் அந்த மூன்று திங்களில் நூற்றுப் பதினைந்து பேர்தாம் லொறி வாங்க முன்வந்தனர் என்பது அதன் பொருளன்று. புதிதாய் வந்த கட்டளைகளிலிருந்து, முன்னர்க் கொடுத்துப் பின்னர் நீக்கிய கட்டளைகளைக் கழித்தால் எஞ்சுவது நிகரம். ஒரு வாயிலால் ஆயிரக்கணக்கானோர் வந்தனர்; மறுவாயிலால் ஏறத்தாழ அத்தனை பேர் வெளியேறினர். வரவு குறைந்ததோடு, கொடுத்த வாக்கும் மீட்கப்பட்டது. பொருளாதார வாழ்விலே இவ்விரண்டாவது நிகழ்ச்சி முதலாவதினும் கொடிது. புதிதாய் வாங்காதவன் தயங்குகிறான் என்று கொள்ளலாம். பதிந்ததை நீக்குபவனோ அஞ்சுகிறான்.

அவன் அஞ்சியதற்குக் காரணங்கள் ஒன்றல்ல. 2008 யூலையில் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்டது. ஏற்றுக்கூலியை உடனே உயர்த்த இயலாத சிறு லொறிக்காரரை அது நெரித்தது. அதற்கு முந்திய திங்களிலேயே ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் லொறிக்காரர் வேலைநிறுத்தஞ் செய்து சாலைகளை மறித்தனர். சில நாட்கள் கடைகளிற் பண்டங்கள் இன்மையாயின. நாளிதழ்கள் அதனை எண்ணெய் விலைச் சண்டையாகவே எழுதின. கூலி உயர்த்த முடியாதபடி சுமை அருகிவந்ததும் அதனுள் மறைந்திருந்தது. செப்டெம்பர் 15ஆம் நாள் நியூயோர்க்கில் லேமன் பிறதர்ஸ் வங்கி வீழ்ந்தது. ஒரு வங்கி மற்றொரு வங்கியை நம்பாத நிலை பிறந்தது. கிழக்கைரோப்பிய லொறி முதலாளிக்குக் கடன் தருவதாய்ச் சொல்லியிருந்த வங்கி இப்பொழுது கைவிரித்தது. லொறி வேண்டுமென்று மனமிருந்தும் பணமின்றிக் கட்டளையை நீக்கினோர் இவ்வகையினர்.

அந்தக் காலாண்டின் 92 நாட்களில் 76 நாட்கள் லேமன் வீழ்ச்சிக்கு முன்னே கழிந்தவை என்பதையும் கருதல் வேண்டும். அவ்வீழ்ச்சியே யாவுக்கும் தோற்றுவாய் என்று கூறும் வழக்கம் பின்னர் வேரூன்றிவிட்டது; கதை சொல்வதற்கு அது வசதியானது. ஐரோப்பிய பொருளியலறிஞர் குழுவொன்று 2009 மார்ச்சு முடிவிலே ஆராய்ந்து கூறியதென்ன? யூரோ வலய நாடுகளின் மந்தம் 2008இன் முதற் காலாண்டு உச்சத்தோடு தொடங்கிவிட்டது என்பதே. அதாவது, வங்கி விழுமுன்னரே சுமை குறையத் தலைப்பட்டிருந்தது. அமெரிக்காவிலும் இவ்வாறே, 2007 திசெம்பரில் தொடங்கிய மந்தம் மந்தமே என்று அங்குள்ள அறிஞர் குழு அறிவித்தது 2008 திசெம்பர் முதலாம் நாள். ஓராண்டு கழிந்த பின்னர் வந்த அறிவிப்பால் எவருக்கு என்ன பயன்?

அப்படியாயின், அறிஞரைக் கேளாது லொறிக் கட்டளையைக் கேட்டிருந்தாற் போதுமே எனத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. அமெரிக்காவில் நிகழ்ந்ததை நோக்கினால் இது விளங்கும். 2007 சனவரி முதலாம் நாள் தொடக்கம் புதிய டீசல் இயந்திரங்கள் வெளிவிடும் புகையைக் கடுமையாகக் குறைக்க வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. புதிய இயந்திரம் விலை கூடியது. அதன் உழைப்பும் அறியப்படாதது. ஆகையால் லொறி முதலாளிகள் முண்டியடித்துக்கொண்டு 2006இலேயே பழைய வகையை வாங்கிக் குவித்தனர். மிகப் பெரிய வகுப்பு லொறிகள் அவ்வாண்டில் ஏறக்குறைய 2 இலட்சத்து 84 ஆயிரம் விலைபோயின; மறு ஆண்டில் 1 இலட்சத்து 51 ஆயிரமே. தொழிற்சாலைகள் ஆட்களை நிறுத்தின. "இது புகைச் சட்டத்தின் விளைவு, முன்னே வாங்கியவன் இப்பொழுது வாங்கவில்லை, 2008இல் யாவும் சீராகும்" என்றே பலரும் கூறினர். அக்கூற்றிற் பொய்யில்லை. ஆயினும் அவ்வாண்டிலேதான் அமெரிக்காவின் வீடு கட்டுந்தொழில் சரிந்துகொண்டிருந்தது. மரமும் ஓடும் செங்கல்லும் குளிர்சாதனப் பெட்டியும் ஏற்றிய லொறிகள் வெறுமனே நின்றன. மெய்யான குறியொன்று, அதே வேளையில் வந்த மற்றொரு காரணத்தின் நிழலில் மறைந்துபோயிற்று. 2008இல் விற்பனை சீராகவில்லை. 1 இலட்சத்து 33 ஆயிரமாயிற்று. 2009இல் சுமார் 95 ஆயிரம். மூன்று ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காயிற்று. ஐரோப்பாவிலே அத்தகைய புகைச் சட்டக் குழப்பம் அவ்வேளையில் இடையிடவில்லை. ஆகவே அங்கே குறி மறைவின்றித் தோன்றிற்று எனலாம்.

தோன்றியும் அதனை அதிகாரத்திலிருந்தோர் உரிய காலத்திற் கண்டனரா என்பது வேறு வினா. சுவீடனின் மத்திய வங்கி 1668இல் நிறுவப்பட்டது. உலகின் மத்திய வங்கிகளுள் மூத்தது. அனுபவத்துக்குக் குறைவில்லை. அவ்வங்கி, 2008 செப்டெம்பர் 4ஆம் நாள், தனது வட்டிவீதத்தை நாலரையிலிருந்து 4.75 ஆக உயர்த்தியது. லேமன் வீழ்ச்சிக்குப் பதினொரு நாள் முன்னர். வொல்வோவின் கட்டளைகள் உருகிக்கொண்டிருந்த அதே காலாண்டின் நடுவில். ஐரோப்பிய மத்திய வங்கியும் யூலை 3ஆம் நாள் தன் வீதத்தை 4.25 ஆக உயர்த்தியிருந்தது. இருவரும் அஞ்சியது விலைவாசி ஏற்றத்தை. எண்ணெயும் தானியமும் விலையேறியிருந்தன என்பது உண்மையே. ஆயினும் விலைவாசிக் கணக்கும் பின்புறக் கண்ணாடியே. அது கடந்து வந்த சாலையைக் காட்டிற்று. வட்டி உயர்ந்ததும், கடன்பட்டு லொறி வாங்க நினைத்தவனுக்கு இருந்த சிறு துணிவும் போயிற்று. ஐந்து கிழமைகள் கழியுமுன், ஒக்டோபர் 8ஆம் நாள், பல நாட்டு வங்கிகளோடு சேர்ந்து சுவீடன் வங்கியும் வட்டியைக் குறைத்தது. 23ஆம் நாள் மீண்டும் குறைத்தது. அதற்கு மறுநாளே வொல்வோவின் அறிக்கை வந்தது. திசெம்பர் 4ஆம் நாள் ஒரேயடியாய் 1.75 குறைத்து இரண்டாக்கியது. 2009 யூலையில் வீதம் காலளவாய் நின்றது. திரும்பியது விரைவிலேதான், ஆனாற் செப்டெம்பரில் ஏன் எதிர்த்திசையிற் சென்றனர் என்னும் விவாதம் அந்நாட்டில் நெடுநாள் நடந்தது.

அந்தத் தவறின் விலையைச் செலுத்தியோர் வங்கி மண்டபத்தில் இருந்தோரல்லர். வடக்கே ஊமியோ நகரில் வொல்வோ லொறிகளின் முகப்புக் கூடுகள் செய்யப்பட்டன. ஷோவ்டே நகரில் இயந்திரங்கள். கொதன்பேர்க்கிலும் பெல்ஜியத்துக் கென்ட் நகரிலும் வண்டிகள் பொருத்தப்பட்டன. ஓரிடத்து வேலை நின்றால் மற்றிடங்களிலும் நிற்கும். இலையுதிர் காலத்தில் ஆட்குறைப்பு அறிவித்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. முதலிற் போனோர் தற்காலிகமாய் அமர்த்தப்பட்ட இளைஞர். பின்னர் நிரந்தர ஊழியரும் போயினர். பெரிய நிறுவனத்துக்குத் திருகாணியும் இருக்கையும் கம்பிவடமும் செய்து கொடுத்த சிறு பட்டறைகளின் கதை நாளிதழ்களில் அவ்வளவாக இடம்பெறவில்லை. அவற்றின் கட்டளைப் புத்தகத்தில் அந்த 115 இன்னுஞ் சிறியதாய் விழுந்தது.

சுவீடனிலே இவ்வேளையில் நடந்த ஒரு செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. சங்கம் என்றாற் கூலி உயர்வு கேட்பதென்பதே உலக வழக்கு. 2009 மார்ச்சு 2ஆம் நாள், அந்நாட்டின் ஐ.எப். மெட்டால் என்னும் உலோகத் தொழிலாளர் பெருஞ்சங்கம், வேலைநேரத்தையும் கூலியையும் சிலகாலத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று முதலாளிகள் சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது. கூலி நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போகலாகாது என்பது வரம்பு. தொழிலாளரிடையே இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. உரிமையை விற்றுவிட்டனர் என்று கசந்தோர் பலர். சேடர்தெல்யே நகரத்து ஸ்கானியா லொறித் தொழிற்சாலை, வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்னும் முறையைக் கைக்கொண்டது. சேர்மனியிலோ குறைந்த நேர வேலைக்கு அரசே ஈடுகொடுக்கும் முறை முன்னரே உண்டு. 2009 மே மாதத்தில் அதன் நிழலில் வேலை காத்தோர் பதினான்கு இலட்சத்துக்கு மேல். சுவீடன் தொழிலாளருக்கு அத்தகைய அரசு உதவி அன்று இல்லை. தம் கூலியைக் கொடுத்தே தம் வேலையைக் காத்தனர். அரசு உதவிச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 2014இல்.

தமிழகத்து எண்ணூரில் உள்ள அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் இதே அலையிற் சிக்கியது. இலங்கைச் சாலைகளிலும் நன்கறியப்பட்ட லேலண்ட் வண்டிகளின் இந்தியக் கிளையாய் 1955இல் உருப்பெற்ற நிறுவனம் அது. எண்ணூருக்கும் கொதன்பேர்க்குக்கும் வணிகத் தொடர்பு பெரிதில்லை. ஆயினும் கடன் வற்றியது இருவருக்கும் பொது. இந்தியாவிற் பெரும்பாலான லொறிகள் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிகளாலே தவணைக் கடனில் வாங்கப்படுவன. கடன் தருவோர் கையை மூடிக்கொண்டதும் வாங்குவோர் மறைந்தனர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணூரிலும் ஓசூரிலும் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது.

வொல்வோ நிறுவனம் 2008இல் வாங்குவோரிடம் ஒப்படைத்த லொறிகள் உலகெங்கும் சுமார் 2 இலட்சத்து 51 ஆயிரம். 2009இல் 1 இலட்சத்து 28 ஆயிரமளவே. அவ்வாண்டில் அது 1,400 கோடி குறோனருக்கு மேல் நட்டமடைந்தது. உலக நாடுகளிடையே சென்ற பண்டங்களின் அளவு அவ்வாண்டு ஏறத்தாழ 12 வீதம் வீழ்ந்தது; இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தகைய வீழ்ச்சி கண்டதில்லை. பண்டங்கள் குறைந்தது எட்டிலொரு பங்களவு, லொறிகள் குறைந்தது பாதியளவு. முன்னே கூறிய சிறு கணக்கு இங்கே மெய்யாயிற்று. 2010இல் ஒப்படைத்தவை 1 இலட்சத்து 80 ஆயிரமாய் ஏறின. நிறுவனம் மீண்டும் இலாபங் கண்டது. வேலையிழந்தோரிற் சிலர் திரும்ப அழைக்கப்பட்டனர். வேறு தொழிலுக்குப் போய்விட்டோர் திரும்பவில்லை.

இவ்வனுபவத்தின் பின்னர் லொறிக் கட்டளை எண்களுக்குப் பெருமதிப்பு வந்தது. முன்னர்த் தொழில்வாணர் மட்டும் பார்த்த மாதாந்தக் கணக்கைப் பங்குச் சந்தையாரும் பார்க்கத் தொடங்கினர். மதிப்பு மிகுந்தால் மயக்கமும் மிகும். 2018இல் அமெரிக்காவில் மிகப் பெரிய வகுப்பு லொறிகளுக்கு 4 இலட்சத்து 90 ஆயிரமளவு கட்டளைகள் குவிந்தன. 2019இல் அவை 1 இலட்சத்து 80 ஆயிரமளவாய்ச் சரிந்தன. மந்தம் வந்துவிட்டதென்று எழுதினோர் அநேகர். லொறித் தொழிலுக்கு மந்தம் வந்தது மெய். வண்டிகள் அளவுக்கு மிஞ்சிக் கூலி வீழ்ந்தது, சில பெரிய நிறுவனங்கள் மூடப்பட்டன. நாட்டின் பொது வாழ்வோ அவ்வாண்டிற் சாயவில்லை. முந்திய ஆண்டின் மிகைப் பதிவே மறு ஆண்டின் வீழ்ச்சிக்குப் பெருங்காரணம்.

அதே 2019 செப்டெம்பரில் எண்ணூர்த் தொழிற்சாலை 16 நாட்கள் மூடிக்கிடந்தது. அங்கே குறியைப் படிப்பது இன்னுங் கடினமாயிருந்தது. 2018 யூலையில் இந்திய அரசு ஒரு லொறி ஏற்றத்தக்க பாரத்தின் வரம்பை உயர்த்தியது. இருக்கும் வண்டிகளே கூடுதலாய்ச் சுமக்கலாமெனில் புதியவை எதற்கு? அவ்வாண்டு செப்டெம்பரில் ஒரு பெரிய கடன் நிறுவனம் முறிந்து, வங்கியல்லாத கடன் நிறுவனங்கள் யாவும் திணறின. சிறு லொறிக்காரருக்குக் கடன் கொடுத்தவை அவையே. 2020 ஏப்பிரலிற் புதிய புகைச் சட்டம் வரவிருந்தமையும் சிலரைத் தயங்க வைத்தது. இவை போக எஞ்சியதே மெய்யான சுமைக் குறைவு. அதுவும் சிறிதன்று, அந்நாட்டின் வளர்ச்சி அவ்வாண்டில் நன்கு தளர்ந்தது. எனினும் எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது மூடிய வாயிலுக்கு வெளியே நின்ற தொழிலாளிக்கு வேண்டாத ஆராய்ச்சி.

2020இல் உலகைப் பற்றிய கொள்ளைநோய் எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் முன்னே தெரியவில்லை. அமெரிக்காவில் அவ்வாண்டு ஏப்பிரலிற் பதிவான பெருலொறிக் கட்டளைகள் நாலாயிரமளவே. அப்பொழுது நகரங்கள் முன்னரே அடங்கிக் கிடந்தன. ஈராண்டு கழிந்து மற்றொரு விந்தை நிகழ்ந்தது. மக்கள் வீட்டிலிருந்தே பண்டங்களை வாங்கிக் குவித்தமையால் ஏற்றுக்கூலி உச்சியிலே நின்றது. லொறி வேண்டுவோர் வரிசையாய் நின்றனர். ஆனால் நுண்மின் சில்லுகள் கிடையாமையாற் செய்துமுடிக்க இயலாத வண்டிகள் தொழிற்சாலை முற்றங்களில் நிறைந்தன. நிறுவனங்கள் தொலைவான மாதங்களுக்குப் பதிவேற்க மறுத்தன. 2022இன் வேனிற் காலத்திற் கட்டளை எண்கள் மெலிந்து தோன்றியது வாங்குவார் இன்மையால் அன்று, பதிவேற்பார் இன்மையால்.